ஜாவாவில் வியாபாரம் பேசப் போகிறவர்களுக்கு

கோயம்புத்தூரிலிருந்து நூற்பாலை உதிரிபாகங்களைக் கொண்டுபோய் இந்தோனேசியாவில் விற்பது என் தொழில். பெரும்பாலும் ஜாவா தீவில்தான் சுற்றுவேன்: பாண்டுங், அதன் அருகே நெசவுக்குப் பேர்போன மஜாலாயா, நடு ஜாவாவில் சோலோ, எப்போதாவது சுரபாயா. எங்கள் அலுவலகத்திலிருந்து புதிதாக ஒருவர் அங்கே கிளம்பினால், விலைப்பட்டியலைக் கையில் கொடுப்பதற்கு முன்பே நான் சொல்லி அனுப்புவது ஒன்று உண்டு. அங்கே யாரும் உங்கள் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். சொல்ல வைக்க முயலவும் கூடாது. அந்தச் சொல்லை வாயில் எடுக்காமலேயே அவர்கள் உண்மையை உங்களுக்குத் தெரியப்படுத்த இடம் விட்டுப் பேசுங்கள். மற்ற நடைமுறைகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டாத விஷயங்கள் பல. வலது கையால் கொடுப்பது வாங்குவது, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது, பெரியவர்கள் எதிரே கால் நீட்டாமல் இருப்பது, யார் தலையையும் தொடாமல் இருப்பது. இவை நம் வீட்டிலேயே பழகியவை. ஐரோப்பியர்களுக்கு இதையெல்லாம் எழுதி வைத்துப் படிக்க வேண்டியிருக்கும், நமக்கு வேண்டாம்.

நம் பழக்கம் அங்கே இடறுகிற இடங்கள்தான் முக்கியம். முதலாவது, தலையாட்டல். 'சரி' என்பதற்கு நாம் பக்கவாட்டில் தலையை அசைப்பது அவர்களுக்கு மறுப்பாகவோ சந்தேகமாகவோ தெரியும். மேலும் கீழுமாக ஆட்டுங்கள், கூடவே வாயாலும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, ஆள்காட்டி விரல். நூற்பாலைக்குள் நடக்கும்போது 'அந்த மெஷின்', 'இந்த ஆள்' என்று விரல் நீட்டுவது நமக்குப் பழக்கம். ஜாவாவில் மற்ற விரல்களை மடக்கி, வலது கைக் கட்டைவிரலால் பணிவாகக் காட்டுவார்கள். இரண்டு நாள் கவனித்தால் கை தானாகப் பழகிவிடும். மூன்றாவது, இடுப்பில் கை வைத்து நிற்பது. களைப்பில் நாம் அப்படி நிற்போம். அங்கே அது சண்டைக்கு நிற்கிற தோரணை. நான்காவது எல்லாவற்றையும்விடப் பெரியது: குரல். நம் ஊரில் உற்சாகமாகப் பேசுகிற குரல் அங்கே கோபக் குரலாகக் கேட்கும். ஜாவாக்காரர்களிடம் பதவி உயர உயரக் குரல் தணியும். கூட்டத்தில் யார் மிக மெதுவாகப் பேசுகிறாரோ அவர் பக்கம் காதைத் திருப்பி வையுங்கள். பெரும்பாலும் முடிவு அவர் கையில்தான் இருக்கும்.

உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போகும்போது உடலைச் சற்றே வளைத்து, வலது கையைத் தாழ்த்தி, "பெர்மிசி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்களும் அதைச் செய்தால் எதிரே இருக்கிற முகங்கள் மலர்வதைப் பார்க்கலாம்.

பெயரும் அழைப்பும்

ஆண்களை 'பாக்', பெண்களை 'பூ' அல்லது முழுதாக 'இபு'. இது இல்லாமல் வெறும் பெயரைச் சொல்லி ஒருவரையும் அழைக்காதீர்கள். பெயரின் முதல் பகுதியோடுதான் அது சேரும்: பாக் புடி, இபு ஸ்ரீ முல்யானி. 'ஸ்ரீ' இங்கே பட்டமல்ல, பெரும்பாலும் பெண்களுக்கு வைக்கிற பெயர். அதை விட்டுவிட்டு அழைக்க வேண்டாம். குடும்பப் பெயரைத் தேடிக்கொண்டும் இருக்க வேண்டாம். ஜாவாவில் பலருக்கு ஒரே ஒரு பெயர்தான். முதல் இரண்டு ஜனாதிபதிகளான சுகர்னோவும் சுகார்த்தோவும் அப்படி ஒற்றைப் பெயர்க்காரர்கள். விசா கடிதத்திலும் இன்வாய்சிலும் நம் கணினி 'கடைசிப் பெயர்' கேட்டு அடம்பிடிக்கும். அதற்காக நீங்களே ஒரு பெயரை ஒட்டி எழுதிவிடாதீர்கள்.

இளைஞர்களான பொறியாளர்களை, உணவக ஊழியர்களை 'மாஸ்' (ஆண்), 'ம்பா' (பெண்) என்பது ஜாவா வழக்கம். பாண்டுங் பக்கம் சுண்டா மக்கள் 'காங்', 'தே' என்பார்கள். ஆலை முதலாளிகளில் பலர் சீன வம்சாவளியினர். அவர்களை ஊழியர்கள் 'கோ', 'சி' என்று அழைப்பது காதில் விழும். நீங்கள் 'பாக்', 'பூ' என்றே தொடங்குங்கள். அவர்களாக நெருங்கி வந்தால் மாற்றிக்கொள்ளலாம். 'நீங்கள்' என்று சொல்லவேண்டிய இடத்திலும் அவர்கள் 'பாக் புடி எப்போது வருவார்?' என்று எதிரே இருப்பவரிடமே கேட்பார்கள். குழம்ப வேண்டாம், உங்களைத்தான் கேட்கிறார்கள்.

வணக்கம் சொல்ல நேரத்துக்கு ஒரு சொல் உண்டு. காலையில் 'செலாமத் பாகி', சுமார் 11 மணிக்கு மேல் 'செலாமத் சியாங்', பிற்பகல் மூன்றுக்கு மேல் 'செலாமத் சோரே', இருட்டியபின் 'செலாமத் மாலாம்'. கை குலுக்குவது மென்மையாக இருக்கும், குலுக்கியபின் வலது கையை நெஞ்சில் வைப்பார்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். பெண்கள் கை நீட்டினால் மட்டும் ஆண்கள் கை கொடுக்கலாம். நான் பெண் என்பதால் எதிர்த்திசையிலும் இது நடக்கிறது: பக்தி மிகுந்த முஸ்லிம் ஆண்கள் சிலர் கை நீட்டாமல் இரு கைகளையும் நெஞ்சருகே குவிப்பார்கள். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. நாம் கைகுவித்து வணங்குவது இங்கே அழகாகப் பொருந்தும். சுண்டா மக்களின் வணக்கமும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான்.

முதல் சந்திப்பிலேயே கல்யாணம் ஆயிற்றா, குழந்தைகள் எத்தனை, என்ன மதம் என்று கேட்பார்கள். நம் ஊர்ப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பது போலத்தான், எளிதாக எடுத்துக்கொள்ளுங்கள். திருமணம் ஆகவில்லை என்றால் 'இல்லை' என்று வெட்டாமல் 'பெலும்', அதாவது 'இன்னும் இல்லை' என்று சொல்லுங்கள். பேச்சு இதமாக நகரும். மதக் கேள்விக்கு 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று விவாதம் தொடங்குவது அந்த இடத்துக்கு ஒத்துவராது. நாட்டின் அடிப்படைக் கொள்கையான பஞ்சசீலத்தின் முதல் அம்சமே ஒரே இறைவன் மீதான நம்பிக்கை. அடையாள அட்டையிலும் மதத்துக்கு ஒரு வரி இருக்கிறது.

கூட்டம் நடக்கும் விதம்

ஜகார்த்தாவில் ஒரு நாளைக்கு இரண்டு சந்திப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். சாலை நெரிசல் அப்படிப்பட்டது. முக்கியச் சாலைகளில் வேலை நாட்களில் காலை 6 முதல் 10 வரையும், மாலை 4 முதல் 9 வரையும் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் கார் விதி இருக்கிறது. வாடகைக் காரை ஏற்பாடு செய்யும்போதே அன்றைய தேதிக்கு அந்த வண்டி எண் ஒத்துவருமா என்று கேட்டுவிடுங்கள். பாண்டுங் போக 2023 அக்டோபர் முதல் 'வூஷ்' அதிவேக ரயில் ஓடுகிறது. கிழக்கு ஜகார்த்தாவில் ஹாலிம் நிலையத்தில் ஏறி தெகல்லுவாரில் இறங்கினால் மஜாலாயா பக்கத்து ஆலைகளுக்கு வசதி. மழைக்காலத்தில் சிதாரும் ஆறு பெருகி அந்தப் பக்கம் வெள்ளம் வரும். நவம்பர் முதல் மார்ச் வரை கிளம்புமுன் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நேரத்துக்குப் போய்விட வேண்டும். அவர்கள் தாமதமாக வந்தால் முகத்தில் காட்டக் கூடாது. வாங்குபவர் அவர்; காத்திருப்பது விற்கிற நம் பங்கு.

உள்ளே போனதும் அவரவர் நாற்காலியைக் காட்டுவார்கள், அதுவரை நில்லுங்கள். விசிட்டிங் கார்டை வலது கையாலோ இரு கையாலோ கொடுத்து, வாங்கியதை ஒரு முறை படித்துவிட்டு மேசைமேல் வையுங்கள். பெயருக்கு முன்னே 'எச்.' என்று இருந்தால் அவர் ஹஜ் போய் வந்தவர். மதிப்பாகக் குறிப்பிட்டால் மகிழ்வார். தண்ணீரும் டீயும் ஒரு சிறு பெட்டியில் பலகாரமும் வரும். "சிலாக்கான்" (எடுத்துக்கொள்ளுங்கள்) என்று அவர்கள் சொல்லும்வரை தொடாதீர்கள். சொன்னபின் ஒரு வாயாவது குடிக்கத்தான் வேண்டும். பலகாரப் பெட்டியைச் சாப்பிட முடியாவிட்டால் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம், அது சகஜம்.

பெரிய நிறுவனங்களில், அரசு சார்ந்த கூட்டங்களில், பேசத் தொடங்குபவர் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று ஆரம்பித்து, கிறிஸ்தவர்களுக்கான வாழ்த்தும், இந்துக்களுக்கான 'ஓம் ஸ்வஸ்தியஸ்து'வும், பௌத்தர்களுக்கான 'நமோ புத்தாய'வும், கன்பூசியர்களுக்கான வாழ்த்தும் வரிசையாகச் சொல்வார். பாலித் தீவின் ஓம் ஒலியை ஜகார்த்தாவின் ஒரு கூட்ட அறையில் கேட்கும்போது எனக்கு இன்றும் மனம் குளிர்கிறது. அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். பயணம், சாப்பாடு, பிள்ளைகள், ஷாருக் கான். அவசரப்பட்டு மாதிரிப் பெட்டியைத் திறக்காதீர்கள். இந்தப் பேச்சில்தான் நீங்கள் நம்பத் தகுந்த ஆளா என்று பார்க்கிறார்கள். நமக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது: மகாபாரதம். ஜகார்த்தாவில் தேசிய நினைவுத் தூணுக்கு அருகே, நடுச்சாலையில், குதிரைகள் பாயும் தேரில் கிருஷ்ணனும் அர்ஜுனனும் நிற்கும் பெரிய சிலை இருக்கிறது. வாயாங் நிழற்கூத்தில் பாண்டவர் கதை இரவு முழுக்க நடக்கும். நம் கதையில் இல்லாத செமார் என்கிற விதூஷகனும் அவன் பிள்ளைகளும் அதில் உண்டு. 'செமார் யார், சொல்லுங்கள்' என்று ஒரு மூத்த ஜாவாக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் முகம் ஒளிரப் பேசுவார். 'இதெல்லாம் எங்களிடமிருந்து வந்தது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அந்தக் கதையை நூற்றாண்டுகளாகத் தங்கள் கதையாக வளர்த்தவர்கள்.

தவிர்க்க வேண்டிய பேச்சு: 1965 படுகொலைகள், 1998 கலவரம், பப்புவா, சீன வம்சாவளியினரைப் பற்றிய பொதுக் கருத்துகள். பட்டிக் துணியும் ரெண்டாங் கறியும் மலேசியாவுடையதா என்ற கேள்வியும் வேண்டாம், அது புண். இன்னொன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: சமீப ஆண்டுகளில் அங்கே பல ஜவுளி ஆலைகள் மூடப்பட்டு ஏராளமானவர்கள் வேலை இழந்திருக்கிறார்கள். 'பக்கத்து ஆலை என்ன ஆயிற்று?' என்று தகவல் சேகரிக்கிற தொனியில் கேட்காதீர்கள். எதிரே இருப்பவரின் தம்பியே அங்கே வேலை பார்த்திருக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுப்பார்கள். ஒப்பந்தம் ஆனாலும் ஆகாவிட்டாலும் எடுப்பார்கள். அதை ஆர்டர் கிடைத்ததற்கான அடையாளமாக நினைத்து ஊருக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்.

'சரி' என்று காதில் விழுந்தால்

இங்கேதான் நம்மவர்கள் பலர் தோற்றுப்போகிறார்கள். 'மார்ச் 15க்குள் ஆர்டர் தருவீர்களா?' என்று கேட்டால் 'தருவோம்' என்றே பதில் வரும். மரியாதைக்காக வருகிற பதில் அது. ஒரு விருந்தாளியை, அதுவும் கடல் தாண்டி வந்தவரை, அவரது கூட வந்தவர்கள் முன்னால் ஏமாற்றத்தோடு திருப்பி அனுப்புவது அவர்களுக்கு மனம் ஒப்பாத காரியம். அதை ஏமாற்று என்று நினைப்பது பெரிய அநியாயம். சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லிவிடுகிறார்கள், வேறு வழியில்.

என்னென்ன வழிகள்? 'முதலில் நாங்கள் படித்துப் பார்க்கிறோம்', 'முயற்சி செய்கிறோம்', 'அப்புறம்' என்று பொருள்படும் 'நாந்தி', தேதி சொல்லாத 'இன்ஷா அல்லா'. பற்களுக்கிடையே மூச்சை உள்ளிழுப்பது. விலையைக் கேட்டதும் டீ குளிர்ந்துவிட்டதா என்று விசாரிப்பது. இதுவரை பேசாதிருந்த இளையவரைப் பார்த்துச் சிரிப்பது. இவற்றில் ஒன்று வந்தால் பொறுங்கள். இரண்டு சேர்ந்து வந்தால் இன்றைய பதில் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாறாக, உண்மையான ஆர்வம் இருந்தால் கேள்விகள் நுணுக்கமாகும்: பேக்கிங் எப்படி, எந்தத் துறைமுகம், உதிரிபாகம் பழுதானால் யார் வருவார், பழைய ஸ்பிண்டில் (நூல் முறுக்கும் கதிர்) பெட்டிக்கு இது பொருந்துமா. ஆலை மேலாளர் பராமரிப்புப் பிரிவுத் தலைவரைக் கூட்டத்துக்கு நடுவே வரவழைத்தால் நல்ல செய்தி.

ஆகவே ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்காதீர்கள். 'மார்ச்சில் முடியுமா?' என்பதற்குப் பதிலாக 'உங்கள் பக்கம் இதற்கு என்னென்ன படிகள் இருக்கின்றன? யாரெல்லாம் பார்க்க வேண்டும்?' என்று கேளுங்கள். 'இந்த விலை சரியா?' என்பதற்குப் பதிலாக இரண்டு ஏற்பாடுகளை முன்வையுங்கள்: குறைந்த எண்ணிக்கையில் சோதனைக்கு ஒன்று, முழு ஷெட்டுக்கு ஒன்று. 'எது உங்களுக்கு வசதி?' என்று விடுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் 'அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்' என்று மூன்றாவது வழியை அவர்களே சொல்ல முடியும். யாரும் யாரையும் மறுக்காமலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

மௌனம் வந்தால் நிரப்பாதீர்கள். நம்மவர்கள் மௌனத்தைக் கண்டால் பயந்து, உடனே தள்ளுபடி சொல்லிவிடுகிறார்கள். அவர் யோசிக்கிறார், அவ்வளவுதான்.

இன்னும் முக்கியமானது: கூட்ட அறையில் கிடைக்காத பதில் வெளியே கிடைக்கும். சோலோ அருகே ஓர் ஆலையில் கொள்முதல் தலைவர் மிக அன்போடு 'உள்ளே கலந்து பேசுகிறோம்' என்றார். பிறகு ஷெட்டைச் சுற்றிக்காட்ட வந்த பராமரிப்புப் பொறியாளர், ரிங் பிரேம் என்கிற நூற்பு இயந்திரங்களின் ஓசைக்கு நடுவே, வேறொரு நாட்டு ஸ்பிண்டிலைப் பொருத்தி ஆறு மாதச் சோதனை நடப்பதை நான் கேட்காமலேயே காட்டினார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. எனக்கு வேண்டிய பதில் அதில் முழுமையாக இருந்தது: இப்போது வற்புறுத்தாதே, சோதனை முடியும்போது வா. அவராக அந்த வரிசைப் பக்கம் என்னைக் கூட்டிப் போகவில்லை, அனுப்பப்பட்டார் என்றே நினைக்கிறேன். இப்படி இடைநிலையில் ஒருவர் வழியாகச் சேதி வருவது அங்கே முறையான வழி. உங்கள் உள்ளூர் ஏஜென்ட் இருப்பதும் இதற்காகத்தான். விலையைக் குறைக்கச் சொல்வதையும், பாக்கியை நினைவூட்டுவதையும் அவர் மூலம் செய்யுங்கள். ஏஜென்ட்டை வெறும் மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்கிறவர்கள் காசை வீணாக்குகிறார்கள்.

குறை சொல்வதிலும் இதே விதி. பிரேமில் எண்ணெய் மாற்றாமல் விட்டதால் ஸ்பிண்டில் தேய்ந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிகிறது. அதைத் தொழிலாளர்கள் முன்னால் சொன்னால் அந்தப் பராமரிப்புத் தலைவர் இனி உங்கள் பொருளை ஆதரித்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அவரைத் தனியே அழைத்து, 'இந்த வெக்கையில் எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போகிறது போலிருக்கிறது, மாற்றும் நாட்களைச் சேர்ந்து ஒருமுறை பார்க்கலாமா?' என்று கேளுங்கள். அவருக்குப் புரியும். மறுநாளே எண்ணெய் மாறும்.

கோபம் அங்கே எதையும் சாதிக்காது. வேறொரு நிறுவனத்து விற்பனையாளர் ஒருவர் பாக்கித் தொகைக்காக மேசையைத் தட்டிப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். எதிரே இருந்த எல்லாரும் புன்னகைத்தார்கள். அவர் அதைக் கேலி என்று நினைத்து இன்னும் உரக்கக் கத்தினார். சங்கடத்தில் வருகிற புன்னகை அது. அவருக்காக அவர்கள் வெட்கப்பட்டார்கள். அதன்பின் அவருடைய செய்திகளுக்கு அந்த ஆலையிலிருந்து யாரும் பதில் எழுதவில்லை.

தொழுகை, நோன்பு, பெருநாள்

இந்தோனேசிய மேற்கு நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னே இருக்கிறது. நம் ஊர் வெள்ளி காலை 10 மணி அங்கே 11.30. ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் நேரம் அது. ஒரு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் கூட்டமோ அழைப்போ வேண்டாம். மற்ற நாட்களில் நண்பகல், மூன்றேகால் சுமார், ஆறு மணி சுமார் என்று சிறு இடைவெளிகள் விடுங்கள். நீங்களாகவே 'தொழுகைக்கு நிறுத்துவோமா?' என்று கேட்டால் அதை மறக்க மாட்டார்கள்.

ரமலானில் போகலாம், தவறில்லை. வேலை காலையிலேயே தொடங்கிச் சீக்கிரம் முடியும். அவர்கள் எதிரே தண்ணீர் குடிக்காதீர்கள். மாலையில் நோன்பு திறக்க அழைத்தால் எந்த வேலை இருந்தாலும் போங்கள். ஆனால் பெருநாளுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பணம் வசூலிக்கப் போகாதீர்கள். ஓராண்டு பணி முடித்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடான பெருநாள் போனஸைப் பெருநாளுக்கு ஏழு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆலையின் ரொக்கம் முழுக்க அங்கே போகும். கோடிக்கணக்கானவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்புவதால் சுங்கச் சாலைகளில் சரக்கு லாரிகளுக்கும் கட்டுப்பாடு வரும். துறைமுகத்தில் இறங்கிய உங்கள் பெட்டி அங்கேயே நிற்கும். கப்பல் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

சாப்பாட்டு மேசை

சைவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் முட்டை வரும், கோழிச் சாறில் வெந்த காய் வரும். தெராசி என்கிற இறால் விழுது சம்பல் எனும் மிளகாய்த் துவையல்களில் பாதிக்கு மேல் இருக்கும்; கடோ-கடோ என்கிற காய்கறிக் கலவையின் நிலக்கடலைக் குழம்பில்கூடச் சில இடங்களில் சேர்ப்பார்கள், மேலே நொறுக்கிப் போடும் அப்பளம் இறாலாக இருக்கலாம். எழுதிக் காட்டுங்கள்: 'தன்பா டாகிங், தன்பா ஆயாம், தன்பா இகான், தன்பா தெலுர், தன்பா தெராசி'. இறைச்சி, கோழி, மீன், முட்டை, இறால் விழுது எதுவும் இல்லாமல் என்று பொருள். டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாஹு (சோயாப் பன்னீர்), கீரை, சோறு போதும். டெம்பேயை நன்றாகப் பொரித்தால் அதற்கு ஈடில்லை. இதை மேசையில் உட்கார்ந்து மறுக்காமல், முந்தின நாளே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். மேசையில் மறுத்தால் விருந்தளிப்பவர் சங்கடப்படுவார்.

பாடாங் உணவகத்தில் நீங்கள் கேட்காமலேயே இருபது சிறு தட்டுகள் வந்து மேசையை நிறைக்கும். தொட்டதற்கு மட்டும்தான் காசு. கையால் சாப்பிடலாம், கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார்கள், அதைக் குடித்துவிடாதீர்கள். மற்ற இடங்களில் வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. அழைத்தவர்தான் பணம் கொடுப்பார். பங்கு பிரிப்பது கிடையாது. நீங்கள் மது கேட்காதீர்கள். காரோட்டி எங்கே சாப்பிட்டார் என்று கேளுங்கள், சாப்பாட்டுக்குக் காசு கொடுங்கள். முதலாளிகள் இதைக் கவனிக்கிறார்கள். கவனிக்காவிட்டாலும் செய்ய வேண்டியதுதான்.

ஊரிலிருந்து ஏதாவது கொண்டுபோவது கட்டாயம் போலத்தான். அலுவலகம் முழுக்கப் பகிரத்தக்க இனிப்பு, முந்திரி நல்லது. ஜெலட்டின் சேராததாக, சாராய வாசனை இல்லாததாக இருக்கட்டும். உங்கள் முன் பிரிக்க மாட்டார்கள், அது வழக்கம். அரசு அதிகாரிகளுக்கு எதுவும் வேண்டாம். பதவி தொடர்பாகப் பெறும் அன்பளிப்பை 30 வேலை நாட்களுக்குள் ஊழல் ஒழிப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்கள் மீதுள்ள சட்டக் கடமை. நம் அன்பு அவர்களுக்குத் தலைவலியாகிவிடும்.

உடை விஷயம் எளிது. முழுக்கை பட்டிக் சட்டை அங்கே கோட்டுக்குச் சமமான மரியாதை பெற்றது. மாலை விருந்துக்கும் போகலாம். பெண்கள் தோளும் முழங்காலும் மூடிய எந்த உடையிலும் போகலாம். பருத்திப் புடவையில் போனால் துணி பற்றியே பேச்சு தொடங்கும், நெசவுக்காரர்கள் அல்லவா.

எண்ணும் எழுத்தும்

அங்கே ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்தைப் பிரிப்பது காற்புள்ளி. பேக்கிங் பட்டியலில் 1.500 கிலோ என்றால் ஒன்றரை கிலோ அல்ல, ஆயிரத்து ஐந்நூறு. 'ஜுத்தா' பத்து லட்சம், 'மில்லியார்' நூறு கோடி. ரூபியா (அவர்கள் நாணயம்) கணக்கு பேசும்போது எண்ணை எழுதிக் காட்டி உறுதிசெய்யுங்கள்.

இந்தோனேசிய நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தம் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் 24ஆம் எண் சட்டம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒரு கடன் ஒப்பந்தத்தை 2013இல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இருமொழிப் பிரதி போடுங்கள். 10,000 ரூபியா முத்திரை வில்லை ஒட்டி, கையெழுத்து அதன்மேல் பாதி படும்படி போடுவார்கள். நிறுவன முத்திரையும் குத்தப்பட வேண்டும். கோவையிலிருந்து கிளம்பும்போது உங்கள் நிறுவன ரப்பர் ஸ்டாம்பைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் மாறினால்

மேலே சொன்ன மென்மை எல்லா ஊருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. சோலோவிலும் யோக்யகர்த்தாவிலும் அது உச்சம். சுரபாயாக்காரர்கள் பட்டென்று விலை சொல்வார்கள், சிரிப்பும் சத்தமாக இருக்கும். வடக்கு சுமாத்ராவின் பாத்தாக் மக்கள் இன்னும் நேரடியானவர்கள். அவர்கள் குரல் உயர்ந்தால் கோபம் என்று எண்ண வேண்டாம். மேடானில் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். கம்போங் மெட்ராஸ் என்றே ஒரு பகுதி இருக்கிறது, 1884இல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. போனால் தரிசனம் செய்யுங்கள். ஆனால் அவர்களில் பலருக்கு இந்தோனேசிய மொழிதான் முதல் மொழி. அதைக் குறையாகப் பேசக் கூடாது.

ஊர் திரும்பிய பிறகு எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கும். அன்று எடுத்த போட்டோவை நன்றியோடு அன்றே அனுப்புங்கள். அடுத்த செய்திகளில் முதல் வரி வணக்கமும் பெயரும், இரண்டாவது 'தொந்தரவுக்கு மன்னியுங்கள்', மூன்றாவதில்தான் விஷயம். நம் ஊர் இரவு எட்டு மணி அங்கே ஒன்பதரை என்பதை நினைவில் வையுங்கள். பதில் வராவிட்டால் ஒரே நாளில் மூன்று முறை கேட்காதீர்கள். ஒரு வாரம் விடுங்கள், பிறகு ஏஜென்ட்டை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். ரமலான் முடிந்ததும் முதல் செய்தியாக 'மோஹோன் மாஆஃப் லாஹிர் டான் பாதின்' என்று, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி வேண்டும் பெருநாள் வாழ்த்தை மட்டும் அனுப்புங்கள். விலை, தேதி, பாக்கி எதையும் அதில் சேர்க்காதீர்கள். அவை அடுத்த வாரம் அலுவலகம் திறந்த பிறகு போகட்டும்.